55 வயதாகப் போகும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

வரும் மாதம் உனக்கு 55, ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் கைவைக்கும் வயது. "இபிஎஃப் காசு எப்போ எடுக்கிற?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெரியண்ணன் மகனுக்குக் கார் வாங்க முன்பணம் வேண்டுமாம். சித்தப்பா ஏதோ தங்க முதலீடு பற்றிச் சொல்லியிருக்கிறார் (அந்த ஏஜெண்டை வீட்டு வாசலில்கூட நிற்க விடாதே). கூரையை மாற்றிவிடலாம் என்று அம்மாவும் ஆரம்பித்துவிட்டார். நீயோ யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாதவள். அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் மலேசியாவில் பிறையிலும் கிள்ளானிலும் இங்கே செந்தூலிலும் குடும்பத்துக்கு ஓர் அக்கா இப்படி இருக்கிறாள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒரு கணக்கு. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியை நீ விட்டபோது உன் சம்பளம் 2,000 வெள்ளி (ரிங்கிட்). உன் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஆக மாதம் 480 வெள்ளி சேமநிதியில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நீ வேலையை விட்டு 7 வருடம் ஆகிறது. சம்பளம் ஒரு காசுகூட ஏறியிருக்காது என்று வைத்தாலும் 40,320 வெள்ளி உன் கணக்கில் ஏறாமல் போயிருக்கிறது. லாப ஈவு தனி. 2024க்கு மட்டும் 6.3 விழுக்காடு கொடுத்தார்கள்.

அதே 7 வருடமும் என் கணக்கில் ஒரு மாதம் தவறாமல் பணம் ஏறியது. அண்ணன் கணக்கிலும்தான். நீ அங்கே இருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக வேலைக்குப் போனோம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் செலவைக் குடும்பம் சமாளித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். குடும்பம் எங்கே சமாளித்தது? அந்தச் செலவை இன்னும் 15 வருடம் கழித்து, 70 வயதில், நீ ஒருத்தி கட்டப்போகிறாய். பாசத்துக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறானே என்று அம்மா திட்டுவார். திட்டட்டும்.

அப்பா 55இல் மொத்தத்தையும் எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்தில் வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கையில் வந்த பணம் புது வீட்டு முன்பணத்துக்கும் அண்ணன் கல்யாணத்துக்கும் போனது. சில வருடத்தில் அவர் செக்யூரிட்டி வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. 1951இல் தொடங்கிய நம் சேமநிதி அடிப்படையில் ஓர் உண்டியல். உள்ளே போட்டதும் அதற்கான ஈவும் வெளியே வரும், சாகும்வரை மாதாமாதம் வரும் என்ற உறுதி எதுவும் கிடையாது. கோவிட் காலத்தில் அதையும் நான்கு தடவை திறந்துவிட்டார்கள். வெளியே போனது 145 பில்லியன் வெள்ளி.

அம்மாவுக்கு அந்த உண்டியலும் இல்லை. தோட்டத்தை விட்டு வந்த பிறகு ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் வீடு வீடாகத் துணி துவைத்தார், சமைத்தார், பிள்ளை வளர்த்தார். வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சேமநிதி கட்டியே தீர வேண்டும் என்று முதலாளியை இன்றைக்கும் சட்டம் கேட்பதில்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கு இல்லை. 60 வயது ஓய்வுச் சட்டத்திலும் அவர்களைச் சேர்க்கவில்லை. அம்மா அத்தனை வருடம் உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் இன்று நீ அம்மாவுக்குச் செய்கிறாய். உனக்கும் காகிதம் கிடையாது.

இந்த நாட்டில் 65 தாண்டியவர்கள் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். இனி ஏறத்தான் செய்யும். அத்தனை பேரையும் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லாத் திட்டமும் நடக்கிறது. நலத்துறையின் முதியோர் உதவித்தொகை வேண்டுமென்றால் வருமானமும் இருக்கக்கூடாது, தாங்கிப்பிடிக்கும் குடும்பமும் இருக்கக்கூடாது. நாம் சாப்பிடவும் சாமான் வாங்கவும் போகிறோமே தாய்லாந்து ஹாட்யாய், அந்த ஊரில் அரசாங்க பென்சன் வாங்காத கிழவனுக்கும் கிழவிக்கும் 60 முடிந்தால் மாதம் 600 பாட், வயது ஏற ஏற 1,000 பாட் வரை கிடைக்கிறது. சின்னத் தொகைதான், ஒரு வார மளிகைக்குக்கூடக் காணாது. இருந்தாலும் பிள்ளை சோறு போடுகிறானா என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பதில்லை.

பார்த்துக்கொள்பவர் விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஜெர்மனி. அங்கே 1995இல் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தார்கள். வீட்டில் முதியவரைப் பார்ப்பதற்காக வேலையைக் குறைத்துக்கொண்ட மகளுக்கு, அவளுடைய ஓய்வூதியப் பங்கை அந்தக் காப்பீடே கட்டுகிறது. நமக்கு அது எட்டாத விஷயம் என்று சொல்லாதே. 2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கு, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் பாதுகாப்பு வந்ததே, வருடத்துக்கு 120 வெள்ளி சந்தாவில்? வீட்டுக்குள் நடப்பதும் வேலைதான் என்று அன்றைக்கே சட்டம் ஒத்துக்கொண்டது. அடுத்த படி ஏறுவதுதான் பாக்கி. படுக்கையில் இருப்பவர் என்று அரசாங்க டாக்டர் எழுதிக் கொடுத்தால், பார்த்துக்கொள்பவரின் கணக்கில் முதலாளி பங்கை மட்டுமாவது அரசாங்கம் போடட்டும். 1,700க்கு 13 விழுக்காடு, மாதம் 221 வெள்ளி. பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். நீ கைவிட்டு, அம்மா அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் மட்டும் அது யார் பணமாம்?

அப்புறம், பணம் எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கு ஏற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு வயது 2013லேயே 60 ஆகிவிட்டதால் நியாயமாகத்தான் தெரியும். எனக்கு ஒப்பவில்லை. ஷிப்ட் ஷிப்டாக நின்ற முழங்கால் 60 வரை தாங்குமா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கதவைப் பூட்டுவதைவிட, கேட்காமலே மாதச் சம்பளம் போல வர வைப்பதும், மொத்தமாக வேண்டும் என்பவர் எழுதிக் கேட்பதும் நல்லது.

அது வரும்போது வரட்டும். நம் விஷயத்துக்கு வருகிறேன். 55 ஆனவுடன் காலி செய்யத் தேவையில்லை. விட்டுவைத்தால் 100 வயது வரை ஈவு கிடைக்கும். வேண்டும்போது கொஞ்சம் எடுக்கலாம், மாதாமாதம் வரும்படியும் கேட்கலாம். நீ ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கிறாய், அதனால் சுயமாகச் சம்பாதிப்பவர்களுக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் பதிந்துகொள். வருடம் 2,500 வெள்ளி போட்டால் அரசாங்கம் 20 விழுக்காடு, அதாவது 500 வெள்ளி சேர்க்கும். அந்த 2,500ஐ அண்ணனும் நானும் பாதிப் பாதி தருகிறோம், பேசி முடித்தாயிற்று. தர்மம் என்று நினைக்காதே, உனக்குச் சேர வேண்டிய பாக்கி. 55க்குப் பிறகு போடுவது அகாவுன் எமாஸ் என்ற தனிக் கணக்கில் விழும், 60 வரை எடுக்க முடியாது. யாராவது கேட்டால் "சட்டம் விடமாட்டேங்குது" என்று சொல்லிவிடு.

அடுத்த வியாழன் ராத்திரி பட்டர்வொர்த் வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலையில் மைகார்டை எடுத்துக்கொண்டு நீ இபிஎஃப் ஆபீசுக்குப் போ. எவ்வளவு நேரமானாலும் இருந்து முடித்துவிட்டு வா, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு, எதற்கெல்லாம் திட்டுவார் என்று மட்டும் எழுதி வைத்துவிடு.

உன் தம்பி,
செந்தூல், கோலாலம்பூர்