குத்தகை முடிந்தால் வேலை போகவில்லையா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் செந்தூல் பக்கத்திலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். எனக்குத்தான் மூட்டு வலி, தண்ணீர்மலைப் படிகளைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சரி, துப்புரவுத் தொழிலாளரின் வேலை காப்புறுதி பற்றி, அதாவது வேலை போனால் சில மாதம் பணம் தரும் திட்டம் பற்றி, நீ எழுதும் மனுவுக்கு வருகிறேன். "மாநகர் மன்ற ஆட்களுக்கு எதற்கு வேலை காப்புறுதி, அவர்களை யார் நிறுத்தப் போகிறார்கள்?" என்று சங்கத்தில் ஒருவர் கேட்டதாகச் சொல்லியிருந்தாய். நம் அப்பாக்கள் காலத்தில் அது நியாயமான கேள்வி. நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம் எல்லாம் இருந்தன. இந்தக் காப்புறுதியைக் கொண்டுவந்த மலேசியாவின் 2017ஆம் ஆண்டு 800ஆவது சட்டமும் அப்படி நினைத்துத்தான் அரசு ஊழியரையும் ஊராட்சி மன்ற ஊழியரையும் விலக்கி வைத்தது. 2018 ஜனவரியில் தனியார் துறைக்கு மட்டும் பிடித்தம் தொடங்கியது.

ஆனால் இன்றைக்கு ஊர்த் தெருக்களைக் கூட்டுவது யார்? கோலாலம்பூரில் திடக்கழிவு, பொதுத் துப்புரவுக்கான 672ஆவது சட்டம் 2011இல் அமலுக்கு வந்தது, குப்பை வேலை தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. இருந்தும் இங்கேயும் பல சாலைகளில் குத்தகையாளரின் ஆட்கள்தான் துடைப்பம் பிடிக்கிறார்கள்.

ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மணியை எடுத்துக்கொள். பல வருடமாக அதே சாலை, அதே சாக்கடை. முதலாளிதான் டெண்டருக்கு டெண்டர் மாறினார். போன மாதம் அவன் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். 1,700 ரிங்கிட் சம்பளம். ஒவ்வொரு சீட்டிலும் வேலை காப்புறுதிக்கு 3 ரிங்கிட் 30 காசு பிடித்திருக்கிறது. முதலாளியும் அதே அளவு கட்டவேண்டும், ஆளுக்குச் சுமார் 0.2 விழுக்காடு. கடைசியாக ஒரு தாள். ஒப்பந்தக் காலம் முடிந்தது, நன்றி, கையெழுத்து. புதுக் குத்தகையாளர் தன் ஆட்களோடு வந்துவிட்டார்.

இதில்தான் எனக்கு ஆத்திரம். ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால், சட்டத்தில் முதலில் எழுதிய விகிதப்படி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அதாவது 1,300 ரிங்கிட்டுக்கு மேல் வரும். இரண்டாம் மாதம் பாதி, அப்புறம் படிப்படியாகக் குறையும். குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம் தானாக முடிந்தால் அது வேலை இழப்பே இல்லை என்கிறது சட்டம். மாதாமாதம் காசு கட்டியவனுக்கு, தேவைப்படும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கிறது. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதலாளி தரவேண்டிய பணிநிறுத்தப் பலனிலும் அதே சங்கடம்தான். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முதலாளி மாறியதும் வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. மணிக்கு அந்த ஐந்து வருடம் எந்த முதலாளியிடமும் சேரப் போவதில்லை.

அதனால் உன் மனுவில் இதை முன்னால் வை: டெண்டர் கைமாறி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் அதை வேலை இழப்பாகவே கணக்கில் எடுக்கவேண்டும். நிதி தாங்காது என்பார்கள். குத்தகைத் துப்புரவு வேலைக்கு முதலாளி பங்கைக் கொஞ்சம் கூட்டட்டும், அதை டெண்டர் விலையிலேயே மன்றம் சேர்த்துக் கொடுக்கட்டும். ஊர் சுத்தமாக இருப்பதன் செலவில் இதுவும் அடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழைய ஆட்களை முதலில் எடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் டெண்டரில் இருந்தால் பாதிப் பேர் கைநீட்ட வேண்டியே இருக்காது.

விலக்கு இருக்கட்டும், ஓய்வூதியம் உள்ள நிரந்தர ஊழியரோடு அது நிற்கட்டும். மன்றமே தற்காலிகமாக எடுக்கும் ஆட்களுக்கு வேலை நிரந்தரமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அவர்களையும் சேர்க்கச் சொல்.

மனுவின் நகலைச் சங்கத்தில் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. மணியின் சம்பளச் சீட்டுகளையும் அந்தக் கடைசித் தாளையும் பெயரை மறைத்து நகலெடுத்து அனுப்புகிறேன், இணைத்துக்கொள். அவன் சம்மதித்துவிட்டான். தங்கச்சிக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
முருகையா
பினாங்கு