அம்மாவின் பெயருக்குக் கீழே விடுபட்ட வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் உங்கள் பத்திரிகையின் அஞ்சலிப் பகுதியில் என் அம்மாவைப் பற்றி ஐந்து வரி வந்தது. எழுதிக் கொடுத்தது நான்தான். இன்னாரின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய், ஐந்து பேரப்பிள்ளைகளின் பாட்டி, குடும்பத்துக்காகவே தன்னை அர்ப்பணித்தவர் என்று எழுதியிருந்தேன். அச்சில் பார்த்துவிட்டு அண்ணன் ஃபோன் செய்தான். "எல்லாம் சரி, அம்மா என்ன வேலை பண்ணாங்கன்னு எங்கேயுமே இல்லையே" என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. 43 வருடம் தையல் மெஷினை மிதித்த ஒருத்தியைப் பற்றி எழுதும்போது அந்த மெஷின் எப்படி என் கண்ணில் படாமல் போனது?

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 31 வயது. அண்ணனுக்கு 9, அக்காவுக்கு 7, எனக்கு 4. அதற்கு முன்பே அம்மா வீட்டில் தைத்துக்கொண்டுதான் இருந்தாள், அக்கம்பக்கத்தாருக்குப் பொழுதுபோக்காக. துக்கம் விசாரிக்க வந்த மாமா, எங்கள் எல்லோரையும் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுகிறேன் என்றாராம். அம்மா சொன்னதை மாமா கடைசி வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "உதவி வேண்டாம்னு சொல்லலைண்ணா. கடனா கொடு." அந்தக் கடனில்தான் இரண்டாவது மெஷின் வந்தது. ஒரு கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் வர வேண்டியது, வலது பக்கம் கொடுக்க வேண்டியது. மாமாவின் பெயர் வலது பக்கத்தில் ஆறு வருடம் இருந்தது, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து, கடைசியில் ஒரே ஒரு நேர்க்கோடு. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாள்.

இதைத் தியாகம் என்று எழுதிவிட்டேனே என்பதுதான் என்னை உறுத்துகிறது. தியாகம் என்றால் தனக்குப் பிடித்ததை விட்டுக்கொடுப்பது. அம்மாவுக்குப் பிடித்ததே அந்த வேலைதான். ஒரு சட்டைக் காலரைத் திருப்பி, முனையை ஊசியால் மெல்ல வெளியே எடுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், இரண்டு முனையும் ஒரே மாதிரி வந்திருந்தால் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அது எங்களில் யாருக்காகவும் வந்ததில்லை, அது அவளுக்கே அவளுக்கானது. மதியம் ஒரு மணி நேரம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள், யார் தட்டினாலும் திறக்க மாட்டாள். அவசரத் துணி இருந்தால் என் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட வரமாட்டாள். அப்போது கோபம் கோபமாக வரும். இப்போது நானும் வேலைக்குப் போகிற ஒரு அம்மா. அந்தக் கோபம் எப்போது போனதென்றே தெரியவில்லை.

பாட்டியாகவும் அவள் கதை சொல்லித் தூங்கவைக்கிற ரகம் இல்லை. என் மகளுக்குப் பத்து வயதில் அவள் முதலில் கற்றுக்கொடுத்தது தைக்க அல்ல, பிரிக்க. "பிரிக்கத் தெரியாதவளுக்குத் தைக்கத் தெரியாதுடி" என்பாள். மூன்று தையலுக்கு ஒரு தையலை மட்டும் பிளேடு முனையால் அறுத்து, துணியைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்து நூலை மெதுவாக இழுத்தால் முழு நீளமும் அப்படியே வந்துவிடும், துணிக்குக் காயம் படாது. இழுத்து இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்த என் மகள் அன்று சாயங்காலம் வரை ஒரு முழுப் பாவாடையைப் பிரித்தாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளே தவிர, ஒரு முறைகூடக் கையிலிருந்து வாங்கவில்லை.

அந்த மகள் இப்போது கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். ஒரு பெண் குழந்தைக்கு ஆயுள் முழுக்கத் தேவையான கருமுட்டைகள் அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன, பிறக்கும்போதே 10, 20 லட்சம் இருக்கும் என்று படித்துவிட்டு நேரே பாட்டியிடம் ஓடினாள். "பாட்டி, அம்மா உங்க வயித்துல இருந்தப்பவே நான் வந்த முட்டையும் அங்கதான் இருந்துச்சு" என்றாள். அம்மா என்னை நிறைமாதமாகச் சுமந்தபோதும் தைத்துக்கொண்டிருந்தவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் மிதிச்ச மிதியெல்லாம் உனக்கும் சேர்ந்துதான் ஆடியிருக்கு" என்றாள். மகள் இதை ஃபோனில் பதிவு செய்து வைத்திருக்கிறாள், நல்லவேளை. அரை மணி நேரப் பதிவு அது.

77 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்-ரேயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அண்ணனிடமே சொல்லிக்கொண்டிருந்தார், கட்டு எத்தனை வாரம், மாத்திரை எப்போது என்று. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா, "டாக்டர், கை என்னோடது. என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

அப்புறம் எங்களுக்குள் பெரிய சண்டை. தனியாக இருக்கக் கூடாது, யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மூன்று பேரும் சேர்ந்து நெருக்கினோம். எங்கள் பயம் வெறும் பயமும் இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், முதியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, விழாம இருக்க என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க. என்னைத் தூக்கிட்டுப் போறதைப் பத்திப் பேசாதீங்க" என்றாள். குளியலறைச் சுவரில் கைப்பிடி வைத்தோம், வழுக்குகிற கால்மிதியை எல்லாம் எடுத்தோம், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போட்டோம். காலை ஏழு மணிக்கு அவள்தான் எங்களுக்கு ஃபோன் செய்வாள், நாங்கள் செய்யக் கூடாது. இன்னும் நான்கு வருடம் அப்படியே இருந்தாள், தன் வீட்டில், தன் சாவியோடு.

அவளுடைய பிடிவாதம் என்று அப்போது நாங்கள் சொன்னதை, 1991-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற முதியோருக்கான 18 கோட்பாடுகளில் இப்போது படிக்கிறேன். அதில் முதல் தலைப்பே சுயசார்பு. முடிந்தவரை நீண்ட காலம் சொந்த வீட்டிலேயே வாழ முடிய வேண்டும், வேலையிலிருந்து எப்போது, எந்த வேகத்தில் ஒதுங்குவது என்பதைத் தீர்மானிப்பதில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்கிறது. அம்மா தையலை நிறுத்தியதும் அவளாகத்தான், 74 வயதில், ஊசியில் நூல் கோக்க யாரையாவது கூப்பிட வேண்டி வந்த வாரம். நோட்டில் அன்றைய தேதி போட்டு "இத்துடன் முடிந்தது" என்று எழுதியிருக்கிறாள்.

ஆசிரியர் அவர்களே, தவறு என்னுடையதுதான். ஆனால் இது நான் ஒருத்தி மட்டும் செய்கிற தவறு இல்லை என்று தோன்றுகிறது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, 1851 முதல் தன் அஞ்சலிப் பக்கங்களில் பெரும்பாலும் ஆண்களுக்கே இடம் கொடுத்துவந்ததை ஒப்புக்கொண்டு, 2018 மார்ச் 8 அன்று விடுபட்டவர்களைப் பற்றி எழுதத் தொடங்கியது. முதல் நாள் எழுதப்பட்ட 15 பெண்களில் எமிலி ரோப்ளிங் ஒருவர். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளரான கணவர் நோயில் படுத்துவிட, கட்டுமான இடத்துக்குத் தினமும் போய் 1883-ல் பாலம் முடிகிற வரை வேலையை நடத்திச் சென்றவர். அவருக்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். யாராவது தங்கள் அம்மாவைப் பற்றி அஞ்சலி எழுதிக் கொடுத்தால், அவர் என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தானாக நினைவுக்கு வராது, எனக்கு வரவில்லை. வெளியில் போய் உழைத்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எதையாவது ஒன்றை நன்றாகச் செய்திருப்பார்.

என் அம்மாவுக்கு, இடம் இருந்தால், அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பெயரும் வயது 81 என்பதும் அப்படியே இருக்கட்டும். "தன்னை அர்ப்பணித்தவர்" என்ற வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில்: "தையல்காரர். 43 ஆண்டுகள் சொந்தத் தொழில்."

அன்புடன்,
உங்கள் வாசகி