சூட்டைக் கூட்டியதும் ஏன் இறங்கியது?

அன்புள்ள கயலுக்கு,

இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோ வீட்டில் எல்லாரும் நலம். அம்மா தேக்கா சந்தையில் முறுக்கு மாவு வாங்கி வந்திருக்கிறாள், பார்சல் வரும். சரி, உன் கோபால்ட்-செம்பு நாடாவுக்கு வருவோம்.

அனீல் சூட்டை, அதாவது நாடாவைச் சூடேற்றிப் பதப்படுத்தும் வெப்பநிலையை, கூட்டக் கூட்ட, காந்தப்புலத்தில் மின்தடை இறங்கும் சதவீதம் முதலில் ஏறி, பிறகு சரிந்துவிட்டது, சோதனைத் துண்டு கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தாய். கெடவில்லை. கோபால்ட்டின் பங்கு அப்படியேதான் இருக்கிறது, அது உள்ளே கிடக்கும் விதம்தான் மாறிவிட்டது.

இரண்டும் திட நிலையில் சேராத ஜோடி. உருக்கிச் சட்டென்று குளிரவைத்ததால் கோபால்ட் அணுக்கள் பிரிய நேரமில்லாமல் செம்புக்குள் மாட்டிக்கொண்டன. சூடு கிடைத்ததும் நகர்ந்து கூடி, சில நானோமீட்டர் துகள்களாகின்றன. புலம் இல்லாதபோது ஒவ்வொரு துகளின் காந்தமும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும், எலக்ட்ரான்கள் நிறையச் சிதறும், மின்தடை கூடும். புலம் எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பினால் ஒரு வகை ஸ்பின் (எலக்ட்ரானின் சொந்தக் காந்தத் திசை) உள்ள எலக்ட்ரான்கள் சுலபமாகக் கடந்துவிடும், மின்தடை இறங்கும்.

இந்தச் சிதறலில் பெரும்பங்கு துகளின் விளிம்பில் நடக்கிறது. துகள் பெருத்தால் அதே கோபால்ட்டுக்கு மேற்பரப்பு குறைகிறது, துகள்களுக்கு நடுவே இடைவெளியும் கூடுகிறது. உன் சரிவு அதுதான். ரொம்பச் சிறிதாக இருந்தாலும் தொல்லை: அறை வெப்பமே அதன் காந்தத் திசையைத் துள்ள வைக்கும், அதைத் திருப்பப் பெரிய புலம் வேண்டும். கோபால்ட்டை அள்ளிப் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று தொட்டுச் சங்கிலியாகி, தனித்தனியாகத் திரும்பாது. அப்போதும் பலன் விழும்.

இயற்பியலாளர்கள் ஃபெர்ட்டும் க்ரூன்பெர்க்கும் 1988-இல், புலத்தில் மின்தடை இப்படி இறங்குவதை மெல்லிய இரும்பு-குரோமிய அடுக்குகளில் கண்டு 2007-இல் நோபல் வாங்கினார்கள். அடுக்கே வேண்டாம், துகள் போதும் என்று 1992-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் காட்டின. ஆனால் நான் வேலை பார்த்த ஹார்ட் டிஸ்க் ஆலைக்கு வந்த ரீட் ஹெட்டுகளில் (டிஸ்க்கில் பதிந்ததைப் படிக்கும் முனைகளில்) அடுக்குகள்தான். டிஸ்க்கின் புலம் சிறியது, துகள் கலவையைத் திருப்ப அது எந்த மூலைக்கு?

உன் வரைபடத்தில் எனக்கு ஒரு குறை. சதவீதத்தை மட்டும் போட்டிருக்கிறாய். கோபால்ட் பிரிந்து போனால் செம்பு சுத்தமாகும், புலமில்லாத மின்தடையும் தானாகக் குறையும். அப்போது கீழே வகுக்கும் எண்ணே சிறிதாகிவிடுகிறது, ஏற்றத்தில் ஒரு பங்கு அதனால் வந்ததாக இருக்கலாம். ஓம் கணக்கில் எவ்வளவு இறங்கியது என்றும் தனியே போடு. அப்புறம், மின்தடை மாற்றத்தைக் காந்தமாக்கத்தின் (துண்டு மொத்தமாக எவ்வளவு காந்தமானது என்பதன்) வர்க்கத்துக்கு எதிரே வரைந்து பார். ஏறக்குறைய நேர்கோடு வந்தால் துகள்கள் தனித்தனியாகத் திரும்புகின்றன என்று நம்பலாம். வளைந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நேரம் கேட்டு வாங்கு.

அனீல் செய்யாத நாடாவில் ஒரு துண்டை மறக்காமல் எடுத்து வை, எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா