பொருளாளர் கப்பல் ஏறிவிட்டால்?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கடற்படையில் பணி நீட்டிப்பு, பதவி உயர்வு பற்றி வீரர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்கள் லாப நோக்கமற்ற சங்கம் நடத்தும்போது, விதிமுறையில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளை அடுக்கிவிடுகிறார்கள், சரி, ஆனால் பொருளாளருக்கு திடீரென்று மாற்றல் வந்து கப்பல் ஏறிவிட்டால் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது? (மாற்றல் எப்படி வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்பவர்களே இவர்கள்தான்!) வங்கிக் கணக்கில் இரண்டு பேர் பெயர் இருக்கட்டும். அங்கே வரித்துறைக்கு ஆண்டறிக்கை தொடர்ந்து 3 வருடம் போகாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும், அப்புறம் மறுபடி விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். யார், எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதி வைக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்