கட்டட வேலைக்காரர்கள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25, செங்கோட்டை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆயுத பூஜையும் வழக்கம்போல நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது காப்பீடுதான். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வயரிங், பிளம்பிங், பெயிண்டிங் என்று நம் ஆட்கள் புளியரை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை போகிறார்கள். சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க உரிமத்துக்கு அலைகிற இளைஞர்களும் நம்மிடம் உண்டு. உரிமம் கையில் வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பெரிய பில்டரிடம் சப்-காண்ட்ராக்ட் கேட்டுப் போனால், சூப்பர்வைசர் முதலில் கேட்பது, "இன்ஷுரன்ஸ் உண்டோ?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, நம்மிடம் வேலை செய்யும் கையாளுக்கு அடிபட்டால் பில்டரிடமே இழப்பீடு கேட்கலாம் என்று இருந்தது. பில்டர் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை நம்மிடம் வசூலிக்கலாம் என்றும் இருந்தது.

தொகை எவ்வளவு என்று ஜனவரிக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். நாற்பது வயதுக் கையாள், மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அந்தச் சட்டக் கணக்கில் சம்பள உச்சவரம்பும் அப்போது அதுவாகத்தான் இருந்தது. வேலையில் உயிர் போனால் சம்பளத்தில் பாதி 7,500-ஐ, சட்ட அட்டவணையில் அந்த வயதுக்குக் கொடுத்திருந்த 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய் வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சரி, ஆட்களுக்குப் பாலிசி எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்த நம் உறுப்பினர் ஒருவர்தான், புனலூரில் ஃபேன் மாட்டும்போது ஏணி சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. கீழே ஏணியைப் பிடித்திருந்த இரண்டு பையன்களுக்கும் அந்தப் பாலிசியில் பாதுகாப்பு உண்டு. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரிக்க வந்தவர், "நீங்கள் முதலாளியா, வேலையாளா?" என்றார். "நான்தான் காண்ட்ராக்டர்" என்றார் இவர். அதோடு முடிந்தது. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி முதலாளிக்குப் பொருந்தாது, அவரே ஏணியில் ஏறினாலும்.

பிரதமர் பெயரிலுள்ள, ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீடும் அவருக்கு உதவவில்லை. அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். எலும்பு கூடும்வரை வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு அதில் எதுவும் கிடையாது. அதற்கு, வாராந்திர இழப்பீடு சேர்த்த தனிநபர் விபத்துப் பாலிசி வேண்டும். மூன்று மாதம் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது அவர் மனைவியின் தையல் மெஷினால். உறுப்பினர்கள் கூடிக் கொடுத்தது ஆஸ்பத்திரிச் செலவுக்கே சரியாகப் போயிற்று. முன்கூட்டியே இதைச் சொல்லியிருக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

அப்புறம், பாலிசியில் வேலை நடக்கும் இடம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் செங்கோட்டை என்று மட்டும் எழுதிவிட்டுக் கொட்டாரக்கரையில் வேலை செய்தால், இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். கேரளத்து ஊர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஆட்களின் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தை மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

20 ரூபாய்த் திட்டம் ஜூன் 1 முதல் மே 31 வரை. வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் அது புதுப்பிக்கப்படாது. ஆகவே மே மாதக் கூட்டத்துக்கு எல்லாரும் பாஸ்புக்கும், இருக்கிற பாலிசி நகலும் எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்