தலைப்பாகையின் மறுமுனை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

ஒருவழியாக பஞ்சாபுக்கு, நம் பழைய பக்கத்து வீட்டு சர்தார் மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். தாம்பரம் குவார்ட்டர்ஸை விட்டு அவர்கள் லாரி ஏறிய நாளிலிருந்து "அடுத்த வருஷம் கட்டாயம் வர்றோம்" என்று சொல்லிச் சொல்லியே 22 வருஷம் ஓடிவிட்டது. போனதென்னவோ நாலே நாள். டில்லி வரை ஒரு ரயில், அங்கிருந்து ஜலந்தருக்கு இன்னொன்று. ஜனவரி கடைசி, வெளியே ஒரே மூடுபனி. வண்டி நடந்துதான் போனது. அப்பா மங்கி குல்லாவும் மப்ளருமாக, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

ஜலந்தரிலிருந்து அவர்கள் கிராமம் அரை மணி நேரம். இரண்டு பக்கமும் கோதுமைப் பயிர், நடுநடுவே கடுகுப் பூ. ஆனால் நான் பார்த்துக்கொண்டு போனது வீட்டு மாடிகளைத்தான். தண்ணீர்த் தொட்டியை விமானம் மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் கழுகு, இன்னொன்றில் கால்பந்து. எல்லாம் கனடா, இங்கிலாந்துப் பணம். மாடியில் விமானம் நிற்கிறது, வாசலில் பூட்டு தொங்குகிறது.

ஆன்ட்டி என்னைக் கட்டிப்பிடித்ததில் மூச்சு முட்டிவிட்டது. என் இந்திதான் துருப்பிடித்துக் கிடக்கிறதே, பாதிப் பேச்சு கையாலேயே நடந்தது. அடுப்படிக்குள் மட்டும் என்னை விடவே இல்லை. வாசல்படியில் முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று, கடுகுக்கீரை செய்வதை முழுசாகப் பார்த்தேன். கூடவே பாலக்கும் பதுவா என்று ஒரு கீரையும் சேர்த்து, மணிக்கணக்கில் வேகவிட்டு, நம் கீரை மத்து மாதிரியே ஒரு மர மத்தால் கடைகிறாள். கடைந்தது பிரிந்து நிற்காமல் இருக்கக் கொஞ்சம் மக்காச்சோள மாவு. கடைசியில் நெய்யில் இஞ்சி, பூண்டு தாளிப்பு. ரொட்டியும் மக்காச்சோள மாவில்தான். கட்டையில் தேய்த்தால் உடைந்துவிடுமாம், உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டியே வட்டமாக்கிவிடுகிறாள். மேலே ஒரு எலுமிச்சம்பழ அளவு வெண்ணெய், ஓரத்தில் வெல்லம்.

நம் ஊரில் இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டினால் போதும் என்று அர்த்தம். அங்கே அந்தக் கையை மெதுவாக நகர்த்திவிட்டு வைக்கிறார்கள்! மூன்றாவது ரொட்டிக்கு நான் முழித்தேன். அப்பாவோ, "மறுத்தால் மனசு கஷ்டப்படும்" என்று ஐந்தாவதை வாங்கிக்கொண்டார். சுகர் மாத்திரையை நினைத்து நான்தான் கஷ்டப்பட்டேன்.

ஒரு நாள் அமிர்தசரஸ் போனோம். ஜாலியன்வாலா பாகில் சுவரில் குண்டு பட்ட இடங்களைப் பார்த்துவிட்டு அப்பா ரொம்ப நேரம் வாய் திறக்கவில்லை. 1919-ல் நடந்தது, இன்னும் அந்தக் குழிகள் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து பொற்கோயில் நடக்கிற தூரம். குளத்தங்கரையில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் லங்கர், அதாவது அங்கே எல்லோருக்கும் போடும் இலவசச் சாப்பாடு. தினமும் 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள், ராத்திரி பகல் கிடையாது. பரிமாறுகிறவர் ரொட்டியைத் தட்டில் போடவில்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால்தான் கொடுக்கிறார். என் கைக்கு அது உடனே வரவில்லை. வலது கையை மட்டும் நீட்டினேன், அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் என் இடது கையை எடுத்துச் சேர்த்து வைத்தது. சாப்பிட்ட பிறகு ஆன்ட்டியோடு நானும் தட்டு கழுவ நின்றேன். நாலு நாளில் அவள் என்னைச் செய்யவிட்ட ஒரே வேலை அதுதான்.

அமிர்தசரஸிலிருந்து திரும்பி வந்த மறுநாள் ஆன்ட்டி தல்ஹன் என்ற ஊரில் ஒரு குருத்வாராவுக்கு, சீக்கியர் கோயிலுக்கு, கூட்டிப் போனாள். அங்கே பூ, பழத்தோடு பொம்மை விமானமும் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள், விசா கிடைக்கணும் என்று. வாசல் கடைகளில் விதவிதமாக விற்கிறது. மகனுக்காக அவளும் ஒன்று வைத்தாளாம். இப்போது அவன் கனடாவில் லாரி ஓட்டுகிறான், ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. "போறதுக்கு மட்டும்தான் கேட்டேன். திரும்பி வர இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கணும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ உடனே பயந்து டிக்கெட் பார்க்காதே. சும்மா சொல்கிறேன்.

கிளம்பும்போது எனக்கு ஒரு சுடிதார் துணியும் 500 ரூபாயும் கையில் திணித்தார்கள். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்த தங்கை வெறுங்கையோடு போகக்கூடாது என்று மாமா சத்தம் போட்டார். நாம் கொண்டுபோனது முறுக்கும் காபிப் பொடியும், கூச்சமாகிவிட்டது. உனக்கென்று ஒரு டப்பா 'பின்னி' கொடுத்தார்கள், கோதுமை மாவை நெய்யில் வறுத்துப் பிடித்த உருண்டை. அயர்லாந்துக்கு அனுப்ப விசாரிப்பதற்குள் அப்பா பாதியைக் காலி செய்துவிட்டார். அது உங்கள் இரண்டு பேர் பாடு.

இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். சின்ன வயசில் நீ காலையில் பல் கூட விளக்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடுவாயே, நினைவிருக்கிறதா? மாமாவின் தலைப்பாகைத் துணி ஐந்தாறு மீட்டர் இருக்கும். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நீ இழுத்துப் பிடிக்க, நீளவாக்கில் மடிப்பீர்கள். கடைசி நாள் காலையில் எட்டிப் பார்த்தேன். மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் முடிந்துவிட்டு, தனியாக மடித்துக்கொண்டிருந்தார். அப்பா போய் முடிச்சை அவிழ்த்துப் பிடித்தார். பிடிக்கத் தெரியவில்லை, துணி கோணிக்கொண்டது. மாமா மூன்று தடவை பிரித்து மடித்தாரே தவிர, விடுங்கள் என்று சொல்லவே இல்லை.

உன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் நீ வேலையில் இருப்பாயோ என்று யோசிப்பார். நீயே கூப்பிடு. நம் நேரம் காலை ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம். இரண்டு கையும் துணியில் இருக்கும்.

அன்புடன்,
அம்மா