புதையல் செய்தியில் விலை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்குப் பகுதியில் ரோமானியக் காசு கிடைத்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், அது எத்தனை லட்சம் பெறும் என்பதே தலைப்பாகிவிடுகிறது. நெடுங்காலமாகப் பழங்காசு சேர்த்துவருபவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போவதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு கிடைத்த புதையலில் 522 வெள்ளிக்காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்கள் வெளியிட்டவை. ஊரும் எண்ணிக்கையும் அரசர் பெயரும் இப்படிச் சேர்ந்து பதிவானதால்தான், கி.பி. 64இல் பேரரசர் நீரோ ஒரு ரோமானிய ராத்தல் எடைக்கு 84 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்றிருந்ததை 96 ஆக்கிக் காசின் எடையையும், வெள்ளியின் மாற்றையும் (தூய்மையையும்) குறைத்த பிறகு, அந்தப் புதுக்காசுகள் தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கின்றன என்பது தெரியவந்தது. நம் வணிகர்கள் காசை உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் காசு அடித்த ஆண்டு வேறு, அது இங்கு வந்திறங்கிய ஆண்டு வேறு. பழைய நல்ல காசுகளையே பொறுக்கியெடுத்துப் பின்னாளில் அனுப்பியிருக்கவும் கூடும். எது எதனோடு சேர்ந்து கிடந்தது, எவ்வளவு தேய்ந்திருந்தது என்பன தெரியாமல் இதைத் தீர்மானிக்க இயலாது.

வெளிநாட்டு ஏலத்தில் ரசீதுடன் நான் வாங்கிய அகஸ்டஸ் காசு ஒன்றின் பின்புறத்தில், அவருடைய பேரர்களும் சுவீகாரப் பிள்ளைகளுமான காயுஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களும் ஈட்டிகளும் இடையில் இருக்க நிற்கிறார்கள். தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் வகை இது. இதே வகைக் காசு ஒன்றை ஒரு நகைப்பட்டறையில் பார்த்தேன். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்ததில் பேரரசரின் மூக்கும் ஓரத்தைச் சுற்றிப் பொறித்த எழுத்தும் மழுங்கிவிட்டன. எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டதற்கு, 'யாரோ கொண்டுவந்து போட்டார்கள்' என்றார்கள். (வார்ப்பில் செய்த போலி ஒன்றை நானும் ஏமாந்து வாங்கியிருக்கிறேன் என்பதால் மற்றவர்களைக் குறைகூறத் தயக்கமாகவே இருக்கிறது.)

மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது இந்த விதியையும், காசுகளின் எண்ணிக்கை, எடை, அரசர் பெயர், அவை இருந்த பானையின் விவரம் ஆகியவற்றையும், கிடைத்த காசைக் கழுவித் தேய்க்க வேண்டாம் என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழங்காசு சேகரிப்பாளர் ஒருவர்,
கரூர்.